கற்பைக் காப்பவர்களும் மனக்கசப்பும்

வளைகுடா நாடொன்றில் வேலை பார்க்கும் வாசகர் ஒருவரிடமிருந்து நமக்கு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அவருக்கு வயது 34. வாப்பா மௌத்தாகிப் பன்னிரண்டு ஆண்டுகள் ஆகின்றன. வீட்டில் மூன்று குமர்கள், இருவரைக் கரையேற்றிவிட்டார். மூன்றாமவருக்கு மாப்பிள்ளை வீட்டார் கேட்கும் தொகை இன்னும் சேர்ந்தபாடில்லை. அந்தக் காரியம் முடிந்த பிறகுதான் இவருடைய நிக்காஹைப் பற்றிப் பேச வேண்டும் என்பது வீட்டாரின் முடிவு.

அவர் எழுதுகிறார்: "நான் ஐவேளை தொழுகிறேன். இந்நாள்வரை எந்தப் பெண்ணிடமும் தவறாக நடந்ததில்லை. என் அறையில் இருப்பவர்களில் சிலர் அப்படியில்லை. ஆனால் அவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை. லீவில் ஊருக்குப் போய் மனைவி மக்களோடு இருந்துவிட்டு வருகிறார்கள். நான் யாருக்காகப் பொறுத்துக் கொண்டிருக்கிறேன் என்று சில இரவுகளில் நெஞ்சு எரிகிறது. ஆசையையாவது அடக்கிக் கொள்கிறேன்; இந்த எரிச்சலை அடக்க முடியவில்லை. எரிச்சல் மிகுந்த இரவுகளில்தான் கை போனைத் தேடுகிறது. பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்டுப் பிறகு அழுகிறேன். எனக்கு ஒரு வழி சொல்லுங்கள்."

இந்தச் சகோதரர் தம் நோயைத் தாமே சரியாகக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார் என்றே நாம் கருதுகிறோம். கற்பைப் பற்றிப் பயான் செய்பவர்கள் ஆசையைப் பற்றி நிறையச் சொல்வார்கள். ஆசைக்குப் பின்னால் நின்று அதற்குக் கதவைத் திறந்துவிடும் மனக்கசப்பைப் பற்றிச் சொல்வது குறைவு. ஆகவே இந்த மாதம் அதையே பாடமாக எடுத்துக் கொள்வோம்.

கசப்பு எப்படிக் கதவைத் திறக்கிறது?

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்ள வேண்டும். கற்பு என்றால் அது பெண்களுக்கு மட்டுமே உரியது என்பதுபோல் நம் நாட்டில் பேசப்படுகிறது. திருமறையோ பார்வையைத் தாழ்த்துமாறும் வெட்கத்தலங்களைக் காக்குமாறும் முதலில் ஆண்களுக்கே கட்டளையிடுகிறது (24:30). பெண்களுக்கான கட்டளை அதற்கு அடுத்த வசனத்தில்தான் வருகிறது. ஆகவே இங்கு நாம் சொல்வதெல்லாம் இருபாலாருக்கும் பொது.

ஆசை என்பது அல்லாஹ் தஆலா மனிதனுக்குள் வைத்த ஒன்று. அது எழுவது பாவமன்று. அதனால் ஈமானுள்ள ஒருவரிடம் ஷைத்தான் வந்து, "இது ஹலால்தான், செய்" என்று சொல்வதில்லை. சொன்னாலும் அவர் நம்பமாட்டார். ஷைத்தான் வேறு விதமாகப் பேசுகிறான். "நீ எவ்வளவோ பொறுத்துவிட்டாய். உன் வீட்டார் உன்னை நினைக்கவில்லை. உன் துஆவும் ஏற்கப்படவில்லை. உனக்கு வர வேண்டியது வரவில்லை. இவ்வளவு பட்டவனுக்கு இந்தச் சிறு ஆறுதல்கூடக் கூடாதா?" என்கிறான். பாவத்தைப் பாவமாகக் காட்டாமல், நமக்கு வர வேண்டிய பாக்கியை நாமே வசூலித்துக் கொள்வதுபோல் காட்டிவிடுகிறான். இதுதான் அவனுடைய தந்திரம்.

மனம் கசந்தவன் தன்னைக் கடன் கொடுத்தவனாக நினைத்துக் கொள்கிறான். உலகமும், வீட்டாரும், அல்லாஹ் காப்பானாக, படைத்தவனும்கூடத் தனக்குக் கடன்பட்டவர்கள் என்று அவன் மனம் கணக்கு எழுதிக் கொண்டே போகிறது. அந்தக் கணக்குப் புத்தகத்தை மூடாதவரை, ஆசையை அடக்கச் சொல்லும் உபதேசங்கள் அரைகுறையாகத்தான் பலிக்கும்.

யூசுப் நபிக்கு இருந்த நியாயங்கள்

இந்தக் கணக்கை மூடுவது எப்படி என்பதற்குத் திருக்குர்ஆன் நமக்கு ஒரு வாலிபரின் வரலாற்றைத் தருகிறது. மக்காவில் அருளப்பட்ட பன்னிரண்டாவது அத்தியாயம், 111 வசனங்களைக் கொண்ட சூரத்து யூசுப், தொடக்கம் முதல் முடிவு வரை பெரும்பாலும் யூசுப் (அலை) அவர்களின் வரலாறே ஆகும். இதை நாம் பெரும்பாலும் அவர்களுடைய அழகுக்காகவும், மக்கள் வழக்கில் ஜுலைகா என்று அழைக்கப்படும் அந்தப் பெண்ணுக்காகவும் கேட்டிருக்கிறோம். (அப்பெண்ணின் பெயரைத் திருமறை கூறவில்லை, அஜீஸின் மனைவி என்றே கூறுகிறது.) இப்பொழுது வேறொரு நோக்கத்தோடு அதைப் பார்ப்போம்.

மனம் கசந்து போவதற்கு யூசுப் நபியவர்களுக்கு எவ்வளவு நியாயங்கள் இருந்தன என்று எண்ணிப் பாருங்கள். கூடப் பிறந்தவர்களே பொறாமைப்பட்டுப் பாழுங்கிணற்றில் போட்டார்கள். வழிப்போக்கர்கள் எடுத்து, எண்ணிக் கொடுக்கும் சில திர்ஹங்களுக்கு விற்றார்கள் (12:20). அன்பான தகப்பனாரின் மடியைவிட்டு அந்நிய நாட்டில் அடிமையாக வந்து சேர்ந்தார்கள். வாலிபமும் வந்தது. பெற்று வளர்த்தவர்கள் பக்கத்தில் இல்லை, கேட்பார் இல்லை, நிக்காஹ் பேசி முடிப்பார் இல்லை, தவறு செய்தால் ஊரில் யார் காதுக்கும் எட்டப் போவதில்லை.

இன்று சபரில் இருக்கும் நம் சகோதரர்கள் தங்களைப் பற்றி என்னென்ன சொல்வார்களோ, அத்தனையும் யூசுப் நபியவர்களுக்கு இருந்தது. இன்னும் அதிகமாகவே இருந்தது.

கதவுகள் அடைக்கப்பட்டபோது

அஜீஸின் மனைவி கதவுகளையெல்லாம் இறுக அடைத்துவிட்டு அவர்களை அழைத்தாள். அந்த நேரத்தில் யூசுப் (அலை) அவர்கள் சொன்னவற்றைத் திருமறை மூன்றாகக் கூறுகிறது (12:23). முதலில் அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடினார்கள். அடுத்து, என் எஜமானர் எனக்கு நல்ல இருப்பிடம் தந்து அழகாக வைத்திருக்கிறார் என்ற கருத்துப்படச் சொன்னார்கள். மூன்றாவதாக, அநியாயம் செய்பவர்கள் வெற்றி பெறமாட்டார்கள் என்றார்கள்.

இந்த நடுச் சொல்லைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். "எஜமானர்" என்று அவர்கள் குறிப்பிட்டது தம்மை வாங்கிய அஜீஸையா, படைத்த ரப்பையா என்பதில் விரிவுரையாளர்களிடையே இரு கருத்துகள் உண்டு. எதை எடுத்துக் கொண்டாலும் பாடம் ஒன்றே. அந்த நெருக்கடியான நேரத்தில் அவர்களுடைய நெஞ்சில் முதலில் வந்து நின்றது பிறர் தமக்குச் செய்த தீமையன்று. தமக்குச் செய்யப்பட்ட நன்மை. கிணறு நினைவுக்கு வரவில்லை. தங்க இடம் கிடைத்தது நினைவுக்கு வந்தது. தம்மை விற்றவர்கள் நினைவுக்கு வரவில்லை. இந்தப் பிள்ளையைக் கண்ணியமாக வைத்துக்கொள் என்று தம் மனைவியிடம் சொன்ன அஜீஸ் (12:21) நினைவுக்கு வந்தார்.

யூதர்களும் கிறிஸ்தவர்களும் ஓதும் ஆதியாகமத்தின் 39-ஆம் அதிகாரத்திலும் இந்நிகழ்ச்சி இருக்கிறது. அங்கும், எஜமானர் தம்மை நம்பி வீடு முழுவதையும் ஒப்படைத்திருப்பதை எடுத்துச் சொல்லித்தான் அவர்கள் மறுப்பதாக வருகிறது. விவரங்களில் வேறுபாடு இருப்பினும், நன்றியுணர்வே கற்புக்கு அரணாக நின்றது என்பது இரண்டிலும் விளங்குகிறது.

கசந்த மனம் "எனக்கு என்ன கிடைக்கவில்லை" என்று எண்ணும். நன்றியுள்ள மனம் "எனக்கு என்ன தரப்பட்டிருக்கிறது" என்று எண்ணும். முதல் மனத்தில் பாவம் ஓர் உரிமையாகத் தெரியும். இரண்டாவது மனத்தில் அதே பாவம் நன்றிகெட்ட செயலாகத் தெரியும். ஒரே ஆசை, ஒரே அறை, ஒரே அடைத்த கதவு. நினைவுதான் வேறு.

இவ்வளவு சொன்னதும், அவர்கள் நபியல்லவா, அவர்களுக்கு ஆசையே எழாதே என்று சிலர் எண்ணக்கூடும். அப்படியன்று. நகரத்துப் பெண்களும் சேர்ந்து கொண்டபோது, இவர்கள் அழைப்பதைவிடச் சிறை எனக்கு விருப்பமானது என்று கூறிய யூசுப் (அலை) அவர்கள், இறைவா, இவர்களுடைய சூழ்ச்சியை நீ திருப்பாவிட்டால் நான் இவர்கள் பக்கம் சாய்ந்துவிடுவேன் என்றும் அதே துஆவில் முறையிட்டார்கள் (12:33). "நான் பலமானவன், எனக்கு ஒன்றும் ஆகாது" என்று அவர்கள் சொல்லவில்லை. தம் பலவீனத்தை ரப்பிடம் ஒப்புக்கொண்டார்கள். கதவை நோக்கி ஓடவும் செய்தார்கள் (12:25). துஆவும் வேண்டும், ஓட்டமும் வேண்டும்.

நற்செயலுக்குக் கிடைத்தது சிறை

நமக்குக் கடிதம் எழுதிய சகோதரரின் கேள்வி, "பொறுத்ததற்கு என்ன கிடைத்தது?" என்பது. யூசுப் நபியவர்களுக்குப் பொறுத்ததற்குக் கிடைத்தது சிறை! பின்பக்கம் கிழிந்த சட்டை அவர்கள் குற்றமற்றவர் என்று காட்டியது. அடையாளங்களைக் கண்ட பிறகும் அவர்களைச் சிறையில் அடைப்பதே நல்லது என்று அந்த மக்கள் முடிவு செய்தார்கள் (12:35). தவறு செய்ய அழைத்தவள் மாளிகையில் இருந்தாள். மறுத்தவர் சிறையில் இருந்தார். கணக்குப் புத்தகம் எழுத இதைவிடப் பெரிய காரணம் வேண்டுமா?

ஆனால் சிறையில் அவர்கள் எப்படி இருந்தார்கள்? உடனிருந்த இருவர் அவர்களை நற்செயல் புரிபவராகக் கண்டு, தாங்கள் கண்ட கனவுக்கு விளக்கம் கேட்டு வந்தார்கள் (12:36). ஏகத்துவத்தை எடுத்துச் சொல்லி விளக்கமும் தந்தார்கள். விடுதலையானவர் அரசரிடம் தம்மைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டார். சிறைவாசம் மேலும் சில ஆண்டுகள் நீண்டது (12:42). பின்னர் அதே மனிதர் அரசரின் கனவுக்கு விளக்கம் கேட்டு வந்து நிற்கிறார். நாமாக இருந்தால், "இத்தனை வருடம் எங்கே போயிருந்தாய்?" என்று முதலில் கேட்டிருப்போம். யூசுப் (அலை) அவர்கள் அவரைக் குறை சொன்னதாகத் திருமறையில் ஒரு சொல்லும் இல்லை. நிபந்தனை எதுவும் போடாமல், ஏழாண்டு விளைச்சலையும் ஏழாண்டுப் பஞ்சத்தையும் விளக்கி, தானியத்தைக் கதிரிலேயே விட்டுச் சேமிக்கும் வழியையும் சொல்லிக் கொடுத்தார்கள் (12:47–49).

அரசர் அழைத்தபோதும் அவர்கள் உடனே ஓடிவரவில்லை. தம் மீது சுமத்தப்பட்ட பழியை விசாரிக்குமாறு கேட்டார்கள். அப்படிக் கேட்கும்போதும் கைகளை வெட்டிக் கொண்ட பெண்களைப் பற்றியே கேட்டார்கள். தம்மைச் சிறைக்கு அனுப்பிய அஜீஸின் மனைவியைத் தனியே சுட்டவில்லை (12:50). அதை அவர்களுடைய கண்ணியத்துக்கு அடையாளமாக விரிவுரையாளர்கள் எடுத்துக் காட்டுகிறார்கள். தாம் அவ்வளவு காலம் சிறையில் இருந்திருந்தால் அழைப்பை உடனே ஏற்றிருப்பேன் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்களே யூசுப் நபியின் பொறுமையைச் சிறப்பித்துக் கூறியதாக புகாரி, முஸ்லிம் நூல்களில் வருகிறது.

இதிலிருந்து ஒரு பாடம். தம்மைச் சோதனையில் மாட்டிய பெண்ணை ஏசுவது கற்பின் அடையாளமன்று. தம் ஆசையை அடக்க முடியாத எரிச்சலில், தெருவில் போகும் பெண்களையெல்லாம் திட்டிப் பேசும் வாலிபர்கள் இருக்கிறார்கள். அது தக்வா அன்று. கசப்பு போட்டுக்கொண்ட தக்வாவின் வேடம்.

முறையிடுவது வேறு, குறை சொல்வது வேறு

அப்படியானால் மனவேதனையே படக்கூடாதா? படலாம். யூசுப் (அலை) அவர்களுக்கும் வேதனை இருந்தது. தம் முன்னால் நிற்பவர் யாரென்று அறியாமல் சகோதரர்கள் அவர்களைப் பற்றித் திருட்டுப் பழி பேசியபோது, அதை அவர்கள் தம் மனத்துக்குள் மறைத்துக் கொண்டார்கள் என்று திருமறை கூறுகிறது (12:77). மறைக்க ஒன்று இருந்ததால்தானே மறைத்தார்கள்!

அவர்களுடைய தகப்பனார் யஃகூப் (அலை) அவர்களோ அழுது அழுது கண்கள் வெளுத்துப் போனார்கள். வீட்டார் அதைக் குறை கூறியபோது, என் துயரத்தையும் கவலையையும் அல்லாஹ்விடமே முறையிடுகிறேன் என்று பதில் சொன்னார்கள் (12:86). பொறுமை என்றால் கல்லாக இருப்பது என்று நினைப்பவர்கள் இந்த வசனத்தைப் பார்க்க வேண்டும். அல்லாஹ்விடம் முறையிடுவது இபாதத். அல்லாஹ்வைப் பற்றிப் பிறரிடம் குறை சொல்வதும், மனத்துக்குள்ளேயே முணுமுணுத்துக் கொண்டிருப்பதும்தான் கசப்பு. முறையிட்டவன் பாரத்தை இறக்கி வைக்கிறான். முணுமுணுப்பவன் அதைச் சுமந்துகொண்டே படுக்கைக்குப் போகிறான். நள்ளிரவில் போனை எடுக்கிறான்.

ஆகவே கடிதம் எழுதிய சகோதரர் நமக்கு எழுதியதை அப்படியே, அந்தச் சொற்களிலேயே, இரவின் பிற்பகுதியில் எழுந்து இரண்டு ரக்அத் தொழுதுவிட்டுத் தம் ரப்பிடம் தமிழிலேயே சொல்லட்டும். அவன் எல்லா மொழியும் அறிந்தவன்.

சமுதாயத்தின் பங்கு

இவ்வளவும் வாலிபர்களுக்குச் சொல்லிவிட்டுப் பெரியவர்களை விட்டுவிடுவது நீதியாகாது. சூரத்துந் நூரில் வரும் வரிசையைக் கவனியுங்கள். 30, 31 ஆகிய வசனங்களில் பார்வையைத் தாழ்த்தும் கட்டளை. 32-ஆம் வசனத்தில், உங்களில் துணையில்லாதவர்களுக்கு மணம் முடித்து வையுங்கள் என்று சமுதாயத்துக்குக் கட்டளை. அவர்கள் ஏழைகளாக இருந்தால் அல்லாஹ் தன் அருளால் செல்வந்தராக்குவான் என்ற வாக்குறுதியும் அங்கேயே இருக்கிறது. அதன் பிறகே 33-ஆம் வசனத்தில், மணமுடிக்க வசதி கிடைக்காதவர்கள் கற்பைப் பேணிக் காத்திருக்கட்டும் என்று வருகிறது. நாம் 33-ஐ மட்டும் எடுத்து வாலிபர்களிடம் நீட்டுகிறோம். நமக்குரிய 32-ஐ மறந்துவிடுகிறோம்.

மார்க்கமும் குணமும் பொருத்தமானவர் பெண் கேட்டு வந்தால் மணமுடித்துக் கொடுங்கள், இல்லையேல் பூமியில் குழப்பமும் பெரும் சீர்கேடும் உண்டாகும் என்ற கருத்தில் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததாகத் திர்மிதியில் ஒரு ஹதீஸ் இருக்கிறது. மஹர் என்பது ஆண் பெண்ணுக்கு மனமுவந்து கொடுக்க வேண்டியது (4:4). அதைப் பெயருக்கு வைத்துக்கொண்டு, பெண் வீட்டாரிடம் கைக்கூலி வாங்குகிறோம். நாட்டின் சட்டமும் 1961-லேயே வரதட்சணையைத் தடை செய்துவிட்டது. மார்க்கமும் தடுக்க, சட்டமும் தடுக்க, கடிதம் எழுதியவரைப் போன்ற எத்தனை பேருடைய வாலிபம் இந்தத் தொகையைச் சேர்ப்பதிலேயே கரைகிறது!

மணமானவர்களின் நிலையும் இதில் அடங்கும். ஹஜ்ரத் உமர் (ரலி) அவர்கள் ஓர் இரவு நகர்வலம் சென்றபோது, கணவர் போருக்குப் போயிருந்த ஒரு பெண் தனிமையில் வேதனைப்படுவதைக் கேட்டார்கள். ஒரு பெண் கணவரைப் பிரிந்து எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று தம் மகளார் ஹப்ஸா (ரலி) அவர்களிடம் விசாரித்து, அதற்கு மேல் வீரர்களை நிறுத்தி வைக்கக் கூடாது என்று உத்தரவிட்டார்கள். நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அறிவிப்புகள் வந்திருக்கின்றன. அந்தப் பெண்ணை அவர்கள் கண்டிக்கவில்லை. அவளுடைய வேதனையைக் கேட்டுச் சட்டத்தைத் திருத்தினார்கள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஊர் வரும் சபராளிகளும், அவர்களை அனுப்பி வைத்துப் பணத்தை எதிர்பார்க்கும் குடும்பத்தாரும் இதைச் சிந்திக்க வேண்டும்.

வாலிபர்கள் தங்கள் போராட்டத்தை வந்து சொன்னால் முகம் சுளித்து விரட்டக்கூடாது. ஒரு வாலிபர் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து விபசாரத்துக்கே அனுமதி கேட்டார். சூழ இருந்தவர்கள் அதட்டினார்கள். நாயகம் (ஸல்) அவர்களோ அவரை அருகில் அழைத்து, உம் தாய்க்கு, மகளுக்கு, சகோதரிக்கு, மாமிக்கு, சாச்சிக்கு இதை விரும்புவீரா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். பிறகு தம் திருக்கரத்தை அவர் மீது வைத்து, அவருடைய பாவம் மன்னிக்கப்படவும், உள்ளம் தூய்மையடையவும், கற்பு காக்கப்படவும் துஆச் செய்தார்கள். அதன்பின் அவர் எதன் பக்கமும் திரும்பவில்லை என்று அஹ்மதில் அபூஉமாமா (ரலி) அவர்கள் வழியாக வரும் ஹதீஸ் கூறுகிறது. நம் மஹல்லாவில் ஒரு வாலிபர் இப்படி வந்து உட்கார்ந்து பேச ஓர் இடம் இருக்கிறதா?

அன்றாடம் கைக்கொள்ள வேண்டியவை

1. பார்வை: விபசாரம் செய்யாதீர்கள் என்று மட்டும் அல்லாஹ் சொல்லவில்லை, அதனை நெருங்காதீர்கள் என்றான் (17:32). இன்று நெருங்கும் வழி பெரும்பாலும் உள்ளங்கையிலேயே இருக்கிறது. இஷாவுக்குப் பின் போனைப் படுக்கைக்கு எடுத்துச் செல்லாமல் அறையின் மறு கோடியில் வைத்துவிடுங்கள். எழுந்து நடக்க வேண்டிய அந்தப் பத்தடி தூரம் சில நேரங்களில் ஒரு மனிதனைக் காப்பாற்றிவிடும்.

2. நோன்பு: மணமுடிக்கச் சக்தியில்லாத வாலிபர்களுக்கு நாயகம் (ஸல்) அவர்கள் காட்டிய வழி இதுவே (புகாரி, முஸ்லிம்). திங்கள், வியாழன் நோன்புகளைப் பழகுங்கள். ஆனால் நோன்பு திறந்தவுடன் வயிறு புடைக்க உண்டால் நோன்பின் நோக்கம் கெடும்.

3. ஒளு: கோபம் வந்தால் நிற்பவர் உட்காரட்டும், பிறகும் தணியாவிட்டால் படுத்துக் கொள்ளட்டும் என்றும், ஒளுச் செய்யட்டும் என்றும் அபூதாவூதில் ஹதீஸ்கள் உள்ளன. எரிச்சலும் கோபத்தின் ஒரு வகையே. நெஞ்சு எரிகிறது என்று தெரிந்தவுடன், ஆசை எழுவதற்குக் காத்திராமல், அப்போதே எழுந்து ஒளுச் செய்யுங்கள்.

4. ஒப்பிடாதிருத்தல்: பிறருக்குக் கொடுத்திருக்கும் இன்பங்களின் பக்கம் கண்களை நீட்டாதீர் என்பது இறைக்கட்டளை (20:131). அறை நண்பர்களின் சிரிப்பு மட்டும்தான் நமக்குத் தெரியும். அவர்களுடைய தூக்கமில்லாத இரவுகள் தெரியாது. அவர்களை வெறுக்கவும் வேண்டாம். அவர்களும் தவ்பாவுக்கு உரியவர்களே.

5. நன்மையை எண்ணுதல்: யூசுப் நபியவர்களுக்கு அந்த நேரத்தில் நன்மை நினைவுக்கு வந்தது, முன்பே அதை எண்ணிப் பழகியிருந்ததால்தான் என்று நாம் கருதுகிறோம். ஒவ்வொரு இரவும் படுக்கும்முன் அன்று அல்லாஹ் செய்த நன்மைகளில் மூன்றையாவது பெயர் சொல்லி எண்ணி ஹம்து செய்யுங்கள்.

தவறி விட்டால்

அப்படியும் ஓர் இரவு கால் வழுக்கிவிட்டால்? இங்குதான் ஷைத்தான் இரண்டாவது முறை வருகிறான். "இனி உனக்கும் அவர்களுக்கும் என்ன வித்தியாசம்?" என்கிறான். முதலில் கசப்பைக் காட்டியவன் இப்போது நிராசையைக் காட்டுகிறான். தமக்குத்தாமே அநீதி செய்து கொண்ட அடியார்கள் தன் ரஹ்மத்தில் நம்பிக்கை இழக்க வேண்டாம் என்பது அல்லாஹ்வின் அழைப்பு (39:53). உண்மையாகத் தவ்பாச் செய்து ஈமான் கொண்டு நற்செயல் புரிபவரின் தீமைகளை நன்மைகளாக மாற்றுவதாகவும் அவன் வாக்களிக்கிறான் (25:70). அன்றிரவே குளித்து, தொழுது, அழுது, மீண்டும் தொடங்குங்கள். அல்லாஹ் மறைத்ததை நண்பர்களிடம் சொல்லிப் பரப்பாதீர்கள். தம் பாவத்தைத் தாமே பகிரங்கப்படுத்துவோரை நாயகம் (ஸல்) அவர்கள் கடுமையாக எச்சரித்திருக்கிறார்கள்.

கடிதம் எழுதிய சகோதரருக்கு

அன்புச் சகோதரரே! உங்களிடம் நாம் மூன்று விஷயங்களைச் சொல்ல விரும்புகிறோம்.

முதலாவது: தங்கையின் காரியம் முடியும்வரை உங்கள் நிக்காஹ் காத்திருக்க வேண்டும் என்று மார்க்கத்தில் எங்கும் இல்லை. இரும்பு மோதிரமாயினும் தேடிக் கொண்டுவந்து மணமுடி என்று ஓர் ஏழைக்குச் சொல்லி, அதுவும் இல்லாதபோது அவருக்கு மனனமாயிருந்த குர்ஆனுக்காக மணமுடித்து வைத்தவர்கள் நம் நாயகம் (ஸல்) அவர்கள். கற்பைக் காக்க நாடி மணமுடிப்பவருக்கு உதவுவதை அல்லாஹ் தன் மீது கடமையாக்கிக் கொண்டான் என்றும் திர்மிதியில் வருகிறது. உம்மாவிடம் பணிவோடு, ஆனால் தெளிவாக, உங்கள் நிலையைச் சொல்லுங்கள். வெட்கப்பட்டு மறைத்ததுதான் பாதிக் கசப்பு.

இரண்டாவது: அந்த மூன்றாவது தங்கைக்கும் ஒரு மனம் இருக்கிறது. தன்னால்தான் காக்காவின் வாழ்வு நிற்கிறது என்று அந்தப் பிள்ளையும் இரவில் அழக்கூடும். அவள் மீது ஒரு துளி எரிச்சலும் உங்கள் பேச்சில் விழாதிருக்கட்டும். தொகை கேட்காத, மார்க்கப் பற்றுள்ள ஓர் ஏழை மாப்பிள்ளை கிடைத்தால் அந்தஸ்து பார்த்துத் தட்டிக் கழிக்காதீர்கள்.

மூன்றாவதுதான் மிக முக்கியமானது. உங்களுக்கு நிக்காஹ் பேசும்போது, "மூன்று தங்கைகளுக்கும் கொட்டிக் கொடுத்தோமே, நம் முறை வரும்போது வாங்கினால் என்ன?" என்று வீட்டில் ஒரு பேச்சு வரும். உங்கள் மனமும் அதற்கு இசையும். அதுவும் அதே கணக்குப் புத்தகம்தான், சகோதரரே! ஷைத்தான் இரவில் காட்டும் ஆறுதலும், பகலில் காட்டும் இந்தக் கைக்கூலியும், "எனக்கு வர வேண்டிய பாக்கி" என்ற ஒரே பக்கத்தில் எழுதப்பட்டவை. நீங்கள் வாங்கினால், எங்கோ முகம் தெரியாத இன்னொரு வீட்டில் இன்னோர் அண்ணன் உங்களைப் போலவே முப்பத்து நான்கு வயதில் நள்ளிரவில் விழித்திருப்பான். அநியாயம் செய்பவர்கள் வெற்றி பெறமாட்டார்கள் என்று யூசுப் (அலை) அவர்கள் அடைத்த கதவுக்குள் சொன்னது இதற்கும் பொருந்தும். அந்தச் சங்கிலியை உங்கள் கையால் அறுத்துவிடுங்கள்.

யூசுப் நபியவர்களின் முடிவைப் பாருங்கள். சகோதரர்கள் தலைகுனிந்து நின்றபோது, இன்று உங்கள் மீது எந்தப் பழியும் இல்லை என்றார்கள் (12:92). தகப்பனாரிடம் தம் கதையைச் சொன்னபோது, அல்லாஹ் தம்மைச் சிறையிலிருந்து வெளியேற்றியதைச் சொன்னார்கள். கிணற்றைச் சொல்லவில்லை (12:100). சகோதரர்களை வெட்கப்படுத்த விரும்பவில்லை என்று விரிவுரையாளர்கள் விளக்குகிறார்கள். அங்கு அவர்கள் அல்லாஹ் தமக்கு நன்மை செய்தான் என்று கூறப் பயன்படுத்திய சொல் "அஹ்ஸன". அடைத்த கதவுக்குள் நின்று எஜமானரைப் பற்றிச் சொன்ன சொல்லும் அதே "அஹ்ஸன"தான். அடிமையாக இருந்தபோதும் அந்தச் சொல். அதிகாரத்தில் அமர்ந்தபோதும் அந்தச் சொல். இடையில் இருந்த சிறையால் அதை மாற்ற முடியவில்லை.

வல்ல அல்லாஹ் நம் வாலிபர்களின் பார்வையையும் கற்பையும் காப்பானாக! துணையின்றி இருப்பவர்களுக்கு ஸாலிஹான துணையை விரைவில் நாடுவானாக! நம் உள்ளங்களிலிருந்து கசப்பை அகற்றி, அவன் செய்த நன்மைகளை எண்ணி வாழும் நற்பேற்றைத் தந்தருள்வானாக! ஆமீன்.